அண்ணனின் குரலுக்கு ஒரு படிவம்

1

மாலை ஏழு மணி நான்கு நிமிடம். முதலில் தெரிந்தது தரையைத் தொடாத ஒரு குதிகால்.

மற்ற இடமெல்லாம் இருட்டு. ஒரே ஒரு விளக்கு அந்தக் காலின் மேல் மட்டும் விழுந்தது. முன்பாதம் தரையை அழுத்திக்கொண்டிருக்க, குதிகால் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. அது என் மகள் அபிராமியின் கால். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் அதே மாதிரி நிற்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. நான்கு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"வையி" என்றது ஒலிபெருக்கி.

நான்கு குதிகால்கள் இறங்கின.

"வைக்காத."

அடுத்த அடிக்கு நீண்ட நான்கு கால்கள் பாதியில் நின்றன.

அந்தக் குரல் என் அண்ணன் முத்திருளனுடையது. பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவருடைய குரல் இங்கே ஒலிக்க அவர் சம்மதிக்கவில்லை. சம்மதித்ததாக ஒரு தாள் மட்டும் இந்த அரங்கின் அலுவலகத்தில் இருந்தது. அந்தத் தாள் எப்படி அங்கே வந்தது என்பதைத்தான் இந்தக் குறிப்புகளில் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் மூடிப்போன ஓர் ஊர். வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு பழைய பொது நீச்சல்குளக் கட்டடம் இருக்கிறது. மாநகராட்சி கைவிட்ட பிறகு அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து அதைக் கலைக்கூடமாக நடத்துகிறார்கள். குளத்தில் தண்ணீர் இல்லை. ஆடுகிறவர்கள் குளத்துக்குள் ஆட, பார்க்கிறவர்கள் கரையில் நாற்காலி போட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். ஆழத்தைக் காட்டும் எண்கள் சுவரில் இன்னும் அழியவில்லை. அன்று மூன்றடி ஆழத்தில் தொடங்கி ஆறடி ஆழத்தில் முடித்தார்கள். ஐம்பத்திரண்டு நாற்காலிகளில் நாற்பத்தொன்றில் ஆள் இருந்தது. எண்ணுவது எனக்குப் பழைய தொழில் பழக்கம்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்குவது கடினம். சதங்கை கிடையாது, பாட்டு கிடையாது, முகத்தில் எதையும் காட்டுவதில்லை. வீட்டில் போடும் பழைய கால்சட்டையோடு வந்து நிற்கிறார்கள். விழுவது, எழுவது, ஒருவர்மேல் ஒருவர் சாய்வது, சும்மா நிற்பது எல்லாமே இதில் ஆட்டம்தான். முதன்முதலாக ஒரு நிகழ்ச்சிக்குப் போனபோது என் மனைவி செல்வி என் காதருகே வந்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள். அப்போது ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக நான்கு வருடமும், மதுரையில் அதே நாளிதழின் செய்தி மேசையில் உதவி ஆசிரியராக ஏழு வருடமும் இருந்தவன். செல்விக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்ததால் வந்தோம். அப்போது அபிக்கு ஐந்து வயது. போன மாதத்தோடு பதினெட்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இப்போது நான் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்கிறேன். ஒவ்வொரு சம்மதப் படிவத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்து இல்லாததை நீலத் தட்டில் தனியாக வைக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை.

அபி பதினைந்து வயதிலிருந்து எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் ஒரு தேதியாவது நினைவில் இருந்திருக்கும். வேறு ஊருக்குப் போய் நடனம் படித்தாள். வாரம் ஒரு செய்தி வரும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில். "நல்லா இருக்கேன். நாளைக்கு வந்தேன்பா" என்று எழுதுவாள். முன்பெல்லாம் திருத்தி அனுப்புவேன். திருத்தினால் அடுத்த வாரச் செய்தி வராது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

3

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோடையில் மூவரும் ஊருக்குப் போயிருந்தோம். பரளச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அபி, "அந்த மேடு ஏன்பா புகையுது?" என்று கேட்டாள். கரிமூட்டம் என்றேன். இறங்கும்வரை அதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலால் மூடி, ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்து, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் வேகவிடுவார்கள். வேகவேக மேடு உள்ளுக்குள் இறங்கும். பூச்சு வெடித்துப் புகை கிளம்பும் இடத்தில் ஏறி மண்ணை அப்ப வேண்டும். இல்லாவிட்டால் கரி எல்லாம் சாம்பலாகிவிடும். ஏறுகிறவனுக்குப் புகையில் கண் தெரியாது. காலுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே நெருப்பு. கீழே நிற்கிறவன் புகையின் நிறத்தையும் மேடு இறங்குவதையும் பார்த்துக் குரல் கொடுப்பான். எடை குறைந்தவன் மேலே ஏறுவது வழக்கம். எங்கள் வீட்டில் எடை குறைந்தவன் நான். கல்லூரி விடுமுறைகளில் நான் மேலே நிற்பேன், அண்ணன் கீழே நிற்பார்.

அபி கேட்டதும் அண்ணன் உற்சாகமாகிவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்து, கோவில் கொடையில் ஆடும் ஒயிலாட்டத்தில் நாலு அடி போட்டுக் காட்டினார்.

"டான்ஸ் வேணாம் பெரியப்பா. மூட்டத்து மேல நடப்பீங்கல்ல, அது."

"அது ஆட்டம் இல்ல தாயி. அது பொழப்பு."

"அதான் வேணும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னடா சொல்லுது ஓம் பிள்ள? இதப் பாக்க அங்க டிக்கெட்டு எடுப்பாகளா?"

"எடுப்பாகண்ணே."

"வெவரங்கெட்ட ஊரால்ல இருக்கு."

வீட்டுக்கு முன்னால் வெறும் தரையில் சாம்பலால் பெரிய வட்டம் போட்டார். அபியைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். "கண்ண மூடிக்க. காதால நட. முன்னங்கால வச்சு அழுத்திப் பாரு. நான் வையின்னு சொன்னாத்தான் குதிங்கால எறக்கணும். அதுவரைக்கும் ஓம் பாரம் பூராம் பின்னங்கால்லதான் இருக்கணும்."

அவள் நடந்தாள். அண்ணன் வட்டத்தைச் சுற்றி வந்து குரல் கொடுத்தார். வெறுந்தரைதான். ஆனால் அவர் கண் புகையைப் பார்ப்பதுபோல அவளுடைய காலடியையே பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை நிறுத்தி, "என்ன முத்திருளா, இம்புட்டு வளந்த பிள்ளைக்கு இப்பத்தான் நடை பழக்குறியா?" என்றார்.

"சாயங்காலம் நீ கடையில இருந்து வாரப்ப ஒனக்கும் பழக்கி விடுறேன். போ."

அபியின் போன் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு நிமிடம். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் பேசியதும், ஒரு கோழி கத்தியதும் அதில் இருக்கின்றன.

4

இந்த ஆண்டு கலைக்கூடத்தில் புது ஆட்டங்கள் கேட்டார்கள். அபிக்கு மூன்று மாலைகள் கிடைத்தன. ஒத்திகைக்காக எங்கள் வீட்டில் அவளுடைய பழைய அறைக்கே வந்து ஆறு வாரம் தங்கினாள். பதிவை அப்படியே ஓடவிட்டு, அதில் வரும் சொல்லுக்குத் தக்கபடி நால்வரும் நடப்பதுதான் ஆட்டம். மற்ற மூவருக்கும் நான்கு தமிழ்ச் சொற்கள் சொல்லிக் கொடுத்தாள்: வையி, வைக்காத, எடு, நில்லு. இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் மூட்டத்தைப் பற்றிக் கேட்பாள். மண் எவ்வளவு சுடும், புகை எந்த நிறத்தில் இருந்தால் ஆபத்து, நான் எப்போதாவது விழுந்திருக்கிறேனா. அந்த ஆறு வாரத்தில் அவள் என்னோடு பேசியது, அதற்கு முந்தைய ஆறு வருடத்தில் பேசியதைவிட அதிகம்.

கலைக்கூடத்தை நடத்தும் ரூத் என்ற பெண்மணி, குரலுக்கு உரியவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றார். நான்கு பக்கப் படிவம். அவர் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும், ஒரு சாட்சி வேண்டும். நான்தான் தமிழில் மொழிபெயர்த்தேன். ஒரு வரியையும் விடவில்லை. அண்ணனின் மகள் சித்ரா திருச்சுழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அனுப்பி, அச்செடுத்து அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன்.

இரண்டு வாரம் பதில் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் காலை ஏழு மணிக்கு அழைத்தேன். அங்கே மதியம்.

"வந்துச்சு. சித்ரா வாசிச்சுக் காமிச்சுச்சு" என்றார் அண்ணன்.

"போட்டுட்டீகளாண்ணே?"

"மூணாம் பக்கத்துல என்ன போட்டுருக்குன்னு பாத்தியா நீ?"

"பாத்தேன். நான்தான எழுதுனேன்."

"'உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், எந்த வடிவிலும்.' அப்படித்தான இருக்கு? அந்தப் பத்திரத்துலயும் இதே கணக்காத்தான் இருந்துச்சு. 'சர்வ சுதந்திர பாத்தியமாய்'னு. அதுவும் மூணாம் பக்கந்தான்."

அந்தப் பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மூன்று ஏக்கர் கரிசல் இருந்தது. கொத்தமல்லியும் பருத்தியும் மாறிமாறிப் போடுவோம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்த ஒரு தரகர் வந்தார். குத்தகைக்குத்தான், அதற்கு ஒரு பவர் பத்திரம் வேண்டும் என்றார். அண்ணன் எனக்கு அனுப்பிப் படித்துச் சொல்லச் சொன்னார். போனில் மூன்று படங்கள் வந்தன. மூன்றாவது கலங்கலாக இருந்தது. தெளிவாக எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கலாம். அன்று எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பிழை திருத்திச் சம்பளம் வாங்கிய ஆள் நான். இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, "படிச்சுட்டேண்ணே, ஒன்னுமில்ல, போடுங்க" என்றேன். என் பங்குக்கு நானும் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். விற்கும் அதிகாரம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. தரகர் விற்றுவிட்டார்; நிலம் இப்போது கம்பெனியின் வேலிக்குள் இருக்கிறது. அண்ணன் ஞாயிறு தவிர தினமும் அந்த வேலிக்குள் கூலிக்குப் போய் சோலார் தகடுகளைக் கழுவிவிட்டு வருகிறார்.

"இது அப்படி இல்லண்ணே. பாப்பா ஆடுறதுக்கு" என்றேன்.

"சரி. ஒன்னு கேக்குறேன். நான் வையின்னு சொன்ன எடத்துல நீ என்னைக்காச்சும் உள்ள போயிருக்கியா?"

"இல்லண்ணே."

"ம்."

கோபம் இல்லாமல்தான் கேட்டார். பிறகு, "பிள்ளைக்குன்னு சொல்லிக் குடுத்தேன். பிள்ள வச்சுக் கேட்டுக்கட்டும். பேப்பருல எம் பேரு வேணாம் தம்பி" என்றார்.

கையெழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சம்மதம் என்று வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினால் போதும் என்று ரூத் வழி சொன்னார். அதையும் கேட்டுப் பார்த்தேன். "வாயில சொன்னா மட்டும் வேறயா?" என்றார் அண்ணன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

5

ரூத் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. குரலுக்கு உரியவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வேறு ஒலியை யோசியுங்கள் என்றார்.

அபி என்னைப் பேசச் சொன்னாள். அதே சொற்களை அதே வரிசையில், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பதிவு செய்தேன். அவள் ஒரு தடவை கேட்டாள். "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றாள். ஒத்திகையில் போட்டுப் பார்த்தபோது நான்கு பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். குரலே இல்லாமலும் நடந்து பார்த்தார்கள். அப்போது அது நான்கு பேர் மெதுவாக நடப்பதாக மட்டும் இருந்தது.

நிகழ்ச்சிக்கு ஆறு நாள் இருந்தபோது அபி அறையில் பெட்டியைத் திறந்து வைத்துத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேன்சல் பண்ணிடுறேன்பா. இல்லாத ஒன்ன வச்சு ஆட முடியாது."

"பெரியப்பாட்ட இன்னொரு வாட்டி கேக்குறேன்."

"வேணாம். அவுங்க வேணாம்னு சொன்னாங்கல்ல." மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்தாள். "நான் நாளைக்குப் போயிட்டேன்."

மறுநாள் ஞாயிறு. காலை பதினொரு மணி. செல்வி வேலைக்குப் போயிருந்தாள். அபி கடைசியாக ஒருமுறை மற்ற மூவரையும் பார்த்துச் சொல்லிவிட்டு வரப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில் படிவத்தின் நான்காம் பக்கத்தை வைத்து அண்ணனின் கையெழுத்தைப் போட்டேன்.

'மு. முத்திருளன்'. அண்ணன் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். கையெழுத்தை எழுத்துக் கூட்டித்தான் போடுவார். கடைசி எழுத்தை முடித்ததும் பேனாவை எடுக்காமல் வலப்பக்கம் ஒரு கோடு இழுப்பார். நான் மாணவர் விடுதியில் இருந்தபோது அவர் எனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் அந்தக் கோடு இருக்கும். வேறு தாளில் எழுதிப் பார்க்கத் தேவைப்படவில்லை. முதல் தடவையே வந்துவிட்டது. சாட்சி என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அது என் கையெழுத்து.

ஸ்கேன் செய்து ரூத்துக்கு அனுப்பிய பிறகு அபியை அழைத்தேன். "பெரியப்பா போட்டுட்டாக" என்றேன்.

அரை மணி நேரத்தில் வீட்டுக்கு ஓடி வந்தாள். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தலை என் தாடை உயரத்துக்கு வளர்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரியப்பாவை உடனே அழைத்துப் பேச வேண்டும் என்றாள். அவுக வேலையில் இருப்பாக, நிகழ்ச்சி முடியட்டும், சேர்ந்து பேசலாம் என்றேன்.

மாலையில் செல்வி வந்ததும் அபியே விஷயத்தைச் சொன்னாள். "உங்க அண்ணனா? போட்டாகளா?" என்று செல்வி என்னைக் கேட்டாள். "ம்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீருடையை மாற்றப் போனாள். அதன்பிறகு அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

6

மூன்று மாலைகளும் நடந்தன. மூன்றாம் நாள் நாற்காலி நிறைந்து சிலர் நின்றுகொண்டு பார்த்தார்கள். பதினாறாவது நிமிடத்தில், பைக்கில் வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அண்ணன் சொல்லும் பதில் வரும். அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை, அவர்களுக்குப் புரியாது. நான் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் சுவரிலிருந்த ஆழக் குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிழவர், "அந்தக் குரல் அவர்களை விழவிடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

கலைக்கூடம் ஆட்டத்தில் ஒரு நிமிடத்தைத் தன் பக்கத்தில் வெளியிட்டது. இது நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எந்த வடிவிலும், உலகம் முழுவதும் என்று மொழிபெயர்த்தவனே நான்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணனே அழைத்தார். அவராக அழைப்பது அபூர்வம்.

"சித்ரா போன்ல ஒன்னு காமிச்சுச்சு. எம் பேச்சுதான் அது."

"ஆமாண்ணே."

"நல்லாத்தான் கேக்குது. பிள்ளையும் நல்லா வக்கிது காலு. பாரத்தப் பின்னாலயே வச்சிருக்கு."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் கையெழுத்துப் போடலையே தம்பி."

"நான் போட்டேண்ணே."

"எம் பேரையா?"

"ஆமா."

அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கடந்து போகும் சத்தம் கேட்டது.

"கடைசியில ஒரு இழுப்பு இழுப்பேன்ல. அதப் போட்டியா?"

"போட்டேன்."

"ம்" என்றார். பிறகு, "சரி, வேலைக்கு நேரமாச்சு. வக்கிறேன்" என்றார்.

அதன்பிறகு நான் அழைக்கும்போதெல்லாம் சித்ராதான் எடுக்கிறாள். "அப்பா வேலைக்குப் போயிட்டாக சித்தப்பா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தகடு கழுவும் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் சொல்கிறாள். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. சொல்லி முடித்ததும் வைக்கவும் தெரியாமல், "சாப்ட்டீகளா சித்தப்பா?" என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். பின்னால் டி.வி. சத்தமும் அண்ணன் இருமுவதும் கேட்கின்றன.

அபி தான் தங்கியிருந்த ஊருக்கே திரும்பிவிட்டாள். போவதற்கு முன்னால், "பெரியப்பா பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். நல்லாத்தான் கேக்குதுன்னு சொன்னாக என்றேன். அதற்குச் சிரித்தாள். வாரம் ஒரு செய்தி வருகிறது, முன்பு போலவே. ஊரில் அண்ணனுடைய வீட்டில் சாம்பலால் வட்டம் போட்ட இடத்தில் இப்போது சிமென்ட் தளம் போட்டிருப்பதாகச் சித்ரா ஒருநாள் சொன்னாள். அதை அபியிடம் சொல்லலாம் என்று நினைத்து, எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து வழக்கத்துக்கு மாறாக இரண்டாவதாக ஒரு செய்தி வந்தது. வேறு ஊரில் இன்னொரு கலைக்கூடம் இந்த ஆட்டத்தைக் கேட்டிருக்கிறது. அங்கே நான்கு மாலைகள். பெரியப்பா கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் ஒன்று அவர்களுக்கு வேண்டுமாம்.

மறுநாள் மதிய உணவு இடைவேளையில், அலுவலக இயந்திரத்தில் நான்கு பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.